பணம் போய்விட்டது, பதில் வரவில்லை

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மகளின் நிச்சயதார்த்தத்துக்காகக் காஞ்சிபுரத்துக் கடை ஒன்றின் இணையதளத்தில் பட்டுச் சேலை வாங்கப் பார்த்தாராம். வங்கியிலிருந்து பணம் கழிந்ததாகக் குறுஞ்செய்தி வந்துவிட்டது. கடையின் பக்கமோ வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் ‘மீண்டும் முயலவும்’ என்றது. மீண்டும் முயன்றிருந்தால் இரண்டாம் முறையும் பணம் போயிருக்குமா, கடைக்காரர் ஏமாற்றுகிறாரா என்று கேட்கிறார்.

பெரும்பாலும் இதில் ஏமாற்று இல்லை. நடந்தது ஒரு கோளாறு. அது எங்கே நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, ‘வாங்கு’ பொத்தானுக்குப் பின்னால் ஓடும் வேலையைப் பார்க்க வேண்டும். கடையின் சர்வர் தனியாக எதையும் முடிப்பதில்லை. அந்தச் சேலை கைவசம் இருக்கிறதா என்று ஸ்டாக் கணக்கு வைத்திருக்கும் சர்வரைக் கேட்கிறது. இந்தப் பின்கோடுக்கு எவ்வளவு ஆகும் என்று கூரியர் நிறுவனத்தின் சர்வரைக் கேட்கிறது. இரண்டும் தெரிந்த பிறகே மொத்தத் தொகை தெரியும். தொகை தெரிந்த பிறகே பேமென்ட் கேட்வேயிடம் பணம் வசூலிக்கச் சொல்ல முடியும். பணம் வந்த பிறகே பில், கூரியர் பதிவு, குறுஞ்செய்தி. ஒவ்வொன்றும் எச்டிடிபி என்ற இணைய நெறிமுறையில் போகும் தனித்தனி அழைப்பு. பலவற்றில் ஒன்றின் பதிலை வைத்துத்தான் அடுத்த கேள்வியையே கேட்க முடியும்.

காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலை நெய்வதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஒழுங்கு புதிதல்ல. கோர்வையில் ஒரு நாடாவுக்குப் பதில் மூன்று: உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. அதனால்தான் தறியில் நெசவாளரோடு உதவிக்கு ஒருவர் உட்கார்ந்து ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளுகிறார். கரையின் ஊடையும் உடலின் ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள வேண்டும். கோக்காமல் அடுத்த இழைக்குப் போனால் கரை விட்டுப்போகும். ஆனால் உடலுக்கான பட்டுக்கும் கரைக்கான பட்டுக்கும் சாயம் போடும்போது ஒன்றுக்காக ஒன்று காத்திருக்க வேண்டியதில்லை. எது எதற்காகக் காத்திருக்க வேண்டும், எது வேண்டாம் என்று பிரித்தறிவதே இங்கும் முதல் வேலை.

இப்படிக் காத்திருப்பதற்கென்றே வடிவமைத்ததுபோல் இருப்பது நோட் ஜேஎஸ். 2009-இல் ரயன் டால் வெளியிட்ட இந்த மென்பொருள், அதுவரை பெரும்பாலும் உலாவிக்குள் ஓடிய ஜாவாஸ்கிரிப்டைச் சர்வர் வேலைக்குப் பரவலாக இழுத்துவந்தது. ஓர் அழைப்பை அனுப்பிவிட்டுப் பதில் வரும்வரை அது சும்மா நிற்பதில்லை. அந்த இடைவெளியில் வேறு வாடிக்கையாளர்களைக் கவனிக்கிறது. 2015-இல் இனி வரப்போகும் பதிலைக் குறிக்கும் ப்ராமிஸும், 2017-இல் அந்தப் பதிலுக்காகக் காத்திருக்கச் சொல்லும் அவெய்ட்டும் மொழியின் தரத்தில் சேர்ந்த பிறகு, ‘இது வந்ததும் அதைச் செய்’ என்பதை வரிவரியாகப் படிக்கிற மாதிரி எழுத முடிகிறது.

அந்த வசதியே சோம்பலுக்கும் இடம் கொடுக்கிறது. ஆறு அழைப்பையும் ஆறு அவெய்ட்டாக அடுக்கிவிட்டால் நிரல் ஓடத்தான் செய்யும். ஸ்டாக் விசாரணையும் கூரியர் கட்டணமும் ஒன்றையொன்று சாராதவை, ப்ராமிஸ்.ஆல் என்ற கட்டளையில் இரண்டையும் ஒன்றாக அனுப்பினால் இரண்டில் நீளமானது எவ்வளவோ அவ்வளவு நேரம்தான் ஆகும். அவெய்ட்டை அடுக்கினால் இரண்டின் கூட்டுத்தொகை ஆகும். மெதுவாக ஓடும் பல தளங்களின் நோய் இதுதான்.

ப்ராமிஸ்.ஆல் கட்டளையிலும் ஒரு கண்ணி உண்டு. சேர்த்து அனுப்பியவற்றில் ஒன்று தோற்றதும் அது ‘தோல்வி’ என்று சொல்லிவிடுகிறது. ஆனால் மற்ற அழைப்புகளை நிறுத்துவதில்லை, அவை ஓடிக்கொண்டே இருக்கும். அவசரக்கார டெவலப்பர் ஒருவர் ஸ்டாக் விசாரணையையும் பணம் வசூலிப்பதையும் அதில் சேர்த்துப் போட்டால், சேலை இல்லை என்று திரையில் வந்த பிறகும் பணம் போய்ச் சேரும். பார்க்கும் வேலைகளை ஒன்றாக அனுப்பலாம். பணத்தைத் தொடும் வேலையைத் தனியாக, உரிய வரிசையில்தான் அனுப்ப வேண்டும்.

இவை கற்றுத் தீர்க்கக்கூடிய சிக்கல்கள். இந்தத் துறையில் வியப்பாக எஞ்சி நிற்பது வேறொன்று: மௌனம்.

ஓர் அழைப்புக்கு ‘ஆயிற்று’ என்று பதில் வரலாம், ‘ஆகவில்லை’ என்று வரலாம், எதுவுமே வராமலும் போகலாம். மூன்றாவதற்குள் இரண்டு கதைகள் ஒளிந்திருக்கின்றன. கேள்வியே போய்ச் சேராமல் இருந்திருக்கலாம். அல்லது கேள்வி போய்ச் சேர்ந்து, பணமும் கழிந்து, ‘ஆயிற்று’ என்ற பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். கேட்டவருக்கு இரண்டும் ஒரேமாதிரிதான் தெரியும். எத்தனை செய்திகளை மாற்றி மாற்றி அனுப்பினாலும் இந்தச் சந்தேகம் முழுதாகத் தீராது என்பதை அக்கோயுன்லு, ஏகநாதம், ஹூபர் மூவரும் 1975-லேயே ஒரு கட்டுரையில் காட்டிவிட்டார்கள். திருச்சி வாசகரின் பணமும் அநேகமாக இந்த இரண்டாம் கதையில்தான் மாட்டியிருக்கிறது.

எவ்வளவு நேரம் காத்திருப்பது? நிரல் எழுதுபவர்தான் சொல்ல வேண்டும், பலர் சொல்வதில்லை. நோட் ஜேஎஸ்ஸின் 18-ஆம் பதிப்பு முதல் கூடவே வரும் ஃபெட்ச் கட்டளை, ஒன்றும் சொல்லாவிட்டால், மறுமுனையின் முதல் பதிலுக்காக 300 விநாடி காத்திருக்கும். பலர் விரும்பிப் பயன்படுத்தும் ஆக்சியோஸ் நூலகத்தில் இயல்பாக எந்த வரம்பும் இல்லை. ஐந்து நிமிடம் சுற்றும் பக்கத்தின் முன் யார் உட்கார்ந்திருப்பார்கள்? மூடிவிட்டுப் போய்விடுவார்கள். நேர வரம்பு வைக்க ஒரே வரி போதும் என்பதால்தான் இந்த அலட்சியம் வருத்தம் தருகிறது.

இதே சிக்கலை நாட்டின் அளவில் பார்க்க யுபிஐ இருக்கிறது. தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2016 ஏப்ரலில் அறிமுகப்படுத்திய இந்த அமைப்பு, 2025-இல் மாதம் சராசரியாக 1,800 கோடிக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகளைக் கையாண்டது. காஞ்சிபுரம் காந்தி சாலைக் கடையில் க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்யும் ஒவ்வொரு முறையும், பெறுபவரின் முகவரியை விசாரி, கொடுப்பவரின் வங்கியில் கழி, பெறுபவரின் வங்கியில் சேர் என்ற சங்கிலி ஓடுகிறது. முதல் வங்கியில் கழிந்து, இரண்டாம் வங்கி ‘முடியாது’ என்றால் கழித்ததைத் திருப்பிச் சேர்க்கச் சொல்லலாம். இரண்டாம் வங்கி மௌனம் காத்தால்? அதற்கென்றே தனி நிலை உண்டு: பணம் சேர்ந்ததாகக் கருதி வைத்துக்கொண்டு, பிறகு கணக்குகளை ஒப்பிட்டுத் தீர்ப்பது. மௌனத்தைத் தோல்வி என்று எண்ணிவிடாத அந்த நிதானம் பாராட்டத்தக்கது.

அப்படிப்பட்ட அமைப்பே 2025 ஏப்ரல் 12 அன்று சில மணி நேரம் தடுமாறியது. காரணத்தை ஆராய்ந்தபோது, ‘அந்தப் பரிவர்த்தனை என்ன ஆயிற்று?’ என்று நிலை விசாரிக்கும் ஏபிஐ அழைப்புகள் வெள்ளமாக வந்ததே முக்கியக் காரணம் என்று தெரிந்தது. சில வங்கிகள் பழைய பரிவர்த்தனைகளுக்கும் சேர்த்துத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தன. பதில் தாமதமாக ஆக, கேள்விகள் கூடின. கேள்விகள் கூடக்கூடப் பதில் இன்னும் தாமதமானது. பணம் அனுப்பும் வேலையைவிடப் பணம் போயிற்றா என்று கேட்கும் வேலை பாரமாகிவிட்டது. அதன்பின் கழகம் விதியை இறுக்கியது: முதல் விசாரணைக்கு முன் சிறிது நேரம் பொறுக்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் கேட்கக் கூடாது. அதே ஆண்டு ஜூனில் பணம் அனுப்பும் அழைப்பின் நேர வரம்பும் 30 விநாடியிலிருந்து 15 விநாடியாகக் குறைந்தது.

யுபிஐ கற்றுக்கொண்ட பாடம் சிறு கடையின் நிரலுக்கும் பொருந்தும். மறுமுயற்சி செய்வதானால் ஒவ்வொரு முறையும் இடைவெளியை இரட்டிப்பாக்க வேண்டும், சிறிது முன்பின்னாகச் சிதறவிட வேண்டும், ஓர் எண்ணிக்கையில் நிறுத்திவிட வேண்டும். தோற்றதும் அடுத்த நொடியே மறுபடி அனுப்பும் நிரல், திணறிக்கொண்டிருக்கும் மறுமுனையை இன்னும் அழுத்துகிறது.

இரண்டு முறை பணம் போயிருக்குமா என்ற கேள்விக்கு வருவோம். நன்றாக எழுதிய நிரலில் போகாது. ஒவ்வொரு ஆர்டருக்கும் முதலிலேயே ஓர் எண்ணை உருவாக்கி, எத்தனை முறை மறுபடி அனுப்பினாலும் அதே எண்ணோடு அனுப்ப வேண்டும். மறுமுனை அந்த எண்ணை ஏற்கெனவே பார்த்திருந்தால் வேலையைத் திரும்பச் செய்யாமல் பழைய பதிலையே கொடுக்கும். எச்டிடிபியில் ‘கொடு’ என்று கேட்கும் கெட் அழைப்பை எத்தனை முறை அனுப்பினாலும் தீங்கில்லை. புதிதாக ஒன்றைச் செய்யச் சொல்லும் போஸ்ட் அழைப்புக்கு அந்தப் பாதுகாப்பு தானாகக் கிடையாது. அதற்குத்தான் இந்த எண்.

வாசகர் உடனே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. யுபிஐயில் கட்டியிருந்தால், செயலியில் அந்தப் பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணை எடுத்துக்கொண்டு வங்கியில் புகார் பதிவு செய்யலாம். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, பணம் கழிந்து கடைக்கு உறுதிப்பாடு வராத யுபிஐ பரிவர்த்தனையில், நடந்த நாளுக்குப் பின் 5 நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு.

கைத்தறிக் கடைக்கென்று தனியாக ஒரு சங்கடம் இருக்கிறது. ஆலைத் துணியைப்போல் அங்கே ஒரே மாதிரி நூறு சேலை இருப்பதில்லை. மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை வைத்த அந்தக் குறிப்பிட்ட சேலை பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். சென்னையில் ஒருவரும் கோவையில் ஒருவரும் ஒரே நிமிடத்தில் பணம் கட்டினால் ஒருவருக்குத் திருப்பித் தந்தே ஆக வேண்டும். ஆகவே முதலில் சேலையைப் பதினைந்து நிமிடம்போல ஒதுக்கி வைக்க வேண்டும், பிறகு பணம், பிறகு விற்பனை என்ற முடிவு. நடுவில் எது தோற்றாலும் முன் செய்ததை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிச் சரிசெய்ய வேண்டும்: ஒதுக்கியதை விடுவி, வாங்கிய பணத்தைத் திருப்பு. ஹெக்டர் கார்சியா மொலினாவும் கென்னத் சேலமும் 1987-இல் ‘சாகா’ என்ற பெயரில் முன்வைத்த முறை இது. இதற்கு ஒவ்வொரு படியும் முடிந்ததும் தரவுத்தளத்தில் எழுதி வைக்க வேண்டும். நினைவகத்தில் மட்டும் வைத்திருந்தால், நடுவில் சர்வர் நின்று மறுபடி எழும்போது எந்தப் படியில் இருந்தோம் என்று அதற்கே தெரியாது.

சரிசெய்யும் அழைப்பும் மௌனத்தில் முடியலாம். எந்த அழைப்பின் பதிலும் இப்படித் தொலையலாம் என்பதால்தான் கேட்வேக்கள், பணம் வந்ததும் கடையின் சர்வரைத் தாமாகவே அழைத்துச் சொல்லும் வெப்ஹுக் வசதியைக் கொடுக்கின்றன; வாடிக்கையாளர் பக்கத்தை மூடிவிட்டாலும் அந்தச் செய்தி வரும். பல கடைகளின் தளத்தில் அதை இணைப்பதே இல்லை. தளத்தை அமைத்துக் கொடுப்பவர் படங்கள் அழகாக வந்தனவா என்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். கூரியர் சர்வரை வேண்டுமென்றே முடக்கிவிட்டு ஓர் ஆர்டர் போட்டுப் பார்ப்பதில்லை. கடைக்காரருக்கும் அதைக் கேட்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. குறைந்தபட்சம் தினமும் காலையில் கேட்வே தரும் முந்தைய நாள் பட்டியலையும் கடையின் ஆர்டர் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பணம் இருந்து ஆர்டர் இல்லாத வரிகளுக்கு ஒருவர் தொலைபேசியை எடுத்துப் பேச வேண்டும்.