ஓநாய் உலவும் பிரதேசங்களில் கிடைக் காவல்

ஆட்டுக்கிடையினால் நிலத்துக்கு உண்டாகும் நன்மையைக் குடியானவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. கிடை மறித்த வயலில் புழுக்கையும் மூத்திரமும் ஒருங்கே மண்ணிற் சேர்வதால், வண்டிக் கூலியின்றி உரம் வந்து விழுகிறது. தாமதியாமல் உழுதுவிட்டால் அதன் சத்து வீணாவதும் குறைகிறது. ஆயினும், அக்கிடையைக் காத்துக்கொண்டு வெட்டவெளியில் படுத்திருக்கும் இடையருடைய இரவு எத்தகையது என்பதை நிலத்துக்காரர் எண்ணிப் பார்ப்பது அருமை. ஓநாய் உலவும் பிரதேசங்களில் அந்த இரவு ஆட்டுக்கு மட்டுமன்றி மனிதருக்கும் அபாயம் உடையது. அவ்வபாயத்திற் பெரும்பகுதி கிடை போடும் இடத்தினாலும் போடும் விதத்தினாலும் நேர்வதாகையால், அது தவிர்க்கக்கூடியதே.

நமது தேசத்தில் ஓநாய்க்கு உரிய இடம் அடர்ந்த காடன்று. புல்வெளியும் முட்புதரும் மானாவாரி நிலமும் கலந்து கிடக்கும் வறண்ட சமவெளியே. தக்காணப் பீடபூமியில், சஹ்யாத்திரி மலையின் மழை மறைவிலுள்ள புனே, சோலாப்பூர் ஜில்லாக்களிலும், கர்நாடகத்தின் கொப்பள் முதலிய ஜில்லாக்களிலும் அத்தகைய பூமி மிகுதி. அங்கே தன்கர், குருபர் என்னும் இடையர்கள் வழிவழியாகக் கிடை வைத்துப் பிழைத்து வருகின்றனர். மழைக்காலம் ஓய்ந்ததும் பல குடும்பத்தார் ஊரை விட்டுப் புறப்பட்டு, தட்டுமுட்டுச் சாமான்களையும் இளங்குட்டிகளையும் மட்டக்குதிரைகளின்மேல் ஏற்றிக்கொண்டு, அறுவடையான வயல்தோறும் கிடை போட்டுக்கொண்டே சென்று, மறு மழைக்கு ஊர் திரும்புகிறார்கள். கிடைக்குக் கூலி தானியமாகவோ ரொக்கமாகவோ கிடைக்கிறது. ஆகவே வருஷத்திற் பல மாதங்கள் அவர்களுடைய வீடும் சொத்தும் ஒரு வலைக்குள்ளும் ஒரு கூடாரத்துக்குள்ளும் அடங்கியவை.

தமிழ்நாட்டில் ஓநாய் இக்காலத்தில் மிக அரிதாகிவிட்டது. அப்படியிருக்க இவ்விஷயம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். ஈரோடு, திருப்பூர் ஜில்லாக்களில் தெருநாய்கள் கூட்டமாய் வந்து பட்டியாடுகளைக் கடித்துக் கொல்வது அண்மை ஆண்டுகளில் பெருங்குறையாக எழுந்திருக்கிறது. ஓநாய்க்குச் செய்யும் காவல் பெரும்பாலும் நாய்க்கும் செல்லும்.

முதலில் பிராணியை அறிதல் வேண்டும். தக்காணத்து ஓநாய் நரியினும் பெரிது. தோளுயரம் இரண்டடிக்குச் சற்று மேல், எடை சுமார் 20 கிலோ. கால்கள் நீண்டு மெலிந்திருக்கும். உடல் சாம்பல் கலந்த பழுப்பு நிறம், முதுகில் மயிர் நுனி கறுத்திருக்கும். நாட்டு நாயைப்போல வாலைச் சுருட்டித் தூக்குவதில்லை, தொங்கவிட்டே ஓடும். உடல் செம்மையாயும் வால் கறுப்பாயுமிருப்பது செந்நாய். அது காட்டு மிருகம், வயல்வெளிக்கு வருவது அரிது. 2022-ஆம் ஆண்டில் வெளியான மதிப்பீட்டின்படி இந்தியாவிலுள்ள ஓநாய்கள் சுமார் 3,100 மாத்திரமே. ஓநாயைப் பற்றி வழங்கும் கதைகள் ஓநாயைவிடப் பெரியவை என்பதை இந்த இடத்தில் சொல்லிவைக்கலாம்.

அதன் குட்டிகள் பெரும்பாலும் முன்பனிக் காலத்தையொட்டிப் பிறக்கின்றன. குட்டிகள் வளர்ந்து அதிக இரை கேட்கும் மாதங்களிலேயே கிடைகள் அறுவடை வயல்களில் பரவிக் கிடக்கின்றன. பகலில் ஒளிவதற்குரிய பயிர்களும் ஒவ்வொன்றாக அறுபட்டுப் போகின்றன. முயலும் வெளிமானும் மிகுந்த இடங்களில் ஓநாய் அவற்றைத் தின்று வாழும். குஜராத்தில் வேளாவதர் புல்வெளியில் அதன் முக்கிய இரை வெளிமானே. அவ்விரண்டையும் மனிதர் வேட்டையாடித் தீர்த்துவிட்ட இடங்களில் அது ஆட்டை நம்புகிறது. நாய்களைக் கொண்டு முயல் வேட்டைக்குப் போகும் இளைஞர்கள் தங்கள் கிடைக்கே ஓநாயை அழைத்து வருகிறார்கள் என்று சொல்வது மிகையாகாது. அவ்வேட்டையும் சட்ட விரோதமே.

பகலில் ஓநாய் பின்தங்கிய ஆட்டையே நாடும்: நொண்டி, சினையாடு, ஈன்று கொண்டிருக்கும் ஆடு, புதரில் மாட்டிய குட்டி. ஒன்று எதிரே தோன்றி நாயையும் மேய்ப்பனையும் ஒருபுறம் இழுக்க, மற்றொன்று மறுபுறம் வந்து கவ்விச் செல்லும் என்று இடையர் கூறுவர். ஆகவே மந்தைக்கு முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவரும் செல்லவேண்டும். நாய் ஓடிய திசையில் இருவரும் ஓடலாகாது.

இரவில் நேரும் நஷ்டம் வேறு வகையானது. ஓநாய் வலைக்குள் புகுந்தால் மட்டுமே கேடு என்று எண்ணுவது தவறு. அது வெளியே சுற்றி வந்தாலே போதும். வாடை பட்ட ஆடுகள் ஒரு மூலையில் நெருக்கிச் சாய்ந்து, சில மிதிபட்டுச் சாகும். வலை சரிந்து மந்தை இருளில் சிதறும். சிதறிய ஆட்டை ஓநாய் ஒவ்வொன்றாகக் கடித்துப் போடும். தின்பதற்கு வேண்டியதைவிட அதிகமாகக் கொல்வதும் உண்டு. ஒரே இரவில் பத்து, இருபது ஆடுகள் போயிற்று என்று கேள்விப்படுவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. ஆதலால் ஓநாயை உள்ளே விடாமலிருப்பதைப் போலவே, ஆடுகளை வெளியே விடாமலிருப்பதும் காவலின் பாதியாகும்.

இனிக் கிடை போடும் இடம். இதை இடையன் தனியே தீர்மானிப்பதில்லை. நிலத்துக்காரர் காட்டும் வயலிலேயே அவன் இறங்கவேண்டியிருக்கிறது. பல நிலத்துக்காரர், உரம் குறைந்த மூலைக்கு முதலிற் கிடை வேண்டும் என்று, கரும்புத் தோட்டத்தின் ஓரத்தையோ, ஓடைக்கரைப் புதரை ஒட்டிய துண்டையோ காட்டுகிறார்கள். கரும்பும் அறுக்காத சோளமும் ஓநாய்க்குப் பகலில் படுக்கையிடம். ஓடை அதற்குப் பாதை. அங்கிருந்து கிடைக்கு இருபது அடியே தூரமாயின், நாய் குரைக்கும் முன் காரியம் முடிந்துவிடும். ஒரு மூலைக்கு உரம் வேண்டுமென்பது நியாயமே. அதற்கு அந்த ஓரப் புதரை முன்கூட்டி வெட்டிக் கொடுக்கலாம், அல்லது பக்கத்துப் பயிர் அறுபட்ட பிறகு அந்தத் துண்டுக்குக் கிடையை மாற்றலாம். நாற்புறமும் நூறு கஜமாவது கண்ணுக்குத் தடையில்லாத தாளடி நிலமே கிடைக்கு உத்தமமானது. தண்ணீரும் எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். இருட்டில் குடம் தூக்கிக்கொண்டு நெடுந்தூரம் போகிறவள் பெரும்பாலும் பெண்ணோ சிறுமியோ ஆவாள்.

கோழிப் பண்ணைக் கழிவையும் செத்த மாட்டையும் கொட்டுமிடம் அருகிலிருந்தால் அந்த வயலைத் தள்ளிவிட வேண்டும். மனிதர் கொட்டும் மாமிசத்துக்குப் பழகிய ஓநாய் மனிதர் வாடைக்கும் பழகிவிடுகிறது. கிடையில் செத்த ஆட்டையும் நஞ்சுக்கொடியையும் அப்படியே எறியாமல், ஆழக் குழி தோண்டிப் புதைத்து மேலே முள் இடுக.

வலை நாலடிக்குக் குறையாமல் இருக்கவேண்டும். உயரத்தைவிட அடிப்புறமே முக்கியம்; ஓநாய் தாண்டுவதற்கு முன் நுழையப் பார்க்கும். ஆகையால் முளைகளை நெருக்கமாக அடித்து, வலையின் கீழ்க்கயிற்றை இழுத்துக் கட்டி, சந்துகளில் கருவேல முள்ளை வைத்து அடைக்கவேண்டும். முள்வேலியை வலைக்கு ஆறடி வெளியே தனிச் சுற்றாகப் போடுவது இன்னும் நல்லது. ஆடுகள் நெருக்கினாலும் வலைதான் சாயுமே தவிர, ஓநாய் வலையருகே வர இயலாது. இளங்குட்டிகளைத் தாயோடு வலைக்குள் விடாமல், கொடாப்பில் அடைத்துக் கூடாரத்தின் வாயிலருகே வைக்கவேண்டும். கொடாப்பின்மேல் கல் ஏற்றி வைக்க மறக்கலாகாது.

நாய்கள் இரண்டுக்குக் குறையாமல் இருத்தல் நலம். ஒரே நாயை ஓநாய்கள் வெளியே இழுத்துச் சென்று கொன்றுவிடும். இமயமலைப் பக்கத்து இடையர் நாயின் கழுத்தில் இரும்பு முள் பட்டை கட்டுவதுண்டு; நமது பட்டறைக் கொல்லரும் அதைச் செய்து தரக்கூடும். ஒவ்வொரு நாய்க்கும் வருஷந்தோறும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடுவது கட்டாயம். அதன் காரணம் பின்னர் வரும்.

விளக்கு நல்லதே. சூரிய வெளிச்சத்தால் மின்சாரம் சேமித்து, இரவில் விட்டு விட்டு ஒளிரும் விளக்குகள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் ஒரே இடத்தில் பல நாள் எரியும் விளக்கை ஓநாய் விரைவில் அறிந்துகொள்ளும். இரவுதோறும் இடம் மாற்றவேண்டும். எந்த விளக்கும் முறைபோட்டு விழித்திருக்கும் ஆளுக்கு ஈடாகாது. முன்னிரவும் விடியற்காலமும் அதிக அபாயமுள்ள வேளைகள். விடியலில்தான் காவலாளி கண்ணயர்கிறான்.

ஆடு போனால் நஷ்டம். குழந்தை போனால் என்ன சொல்வது? தக்காணத்தில் நோயற்ற ஓநாய் மனிதரைத் தாக்குவது மிக அபூர்வம். எனினும் வடக்கே கங்கைச் சமவெளியில் நடந்தவற்றைக் கூடாரத்தில் வாழ்வோர் அறிந்திருக்கவேண்டும். 1996-ஆம் ஆண்டில் உத்தரப் பிரதேசத்தின் கீழ்ப்பகுதியில் பிரதாப்கட், சுல்தான்பூர், ஜௌன்பூர் ஜில்லாக்களில் எழுபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் ஓநாயால் தாக்குண்டனர், பலர் மாண்டனர். 2024-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் பஹ்ராயிச் ஜில்லாவில் மறுபடியும் அவ்வாறே குழந்தைகள் பலியாயினர். கதவில்லாத குடிசை, வெளிமுற்றத்துப் படுக்கை, ஊரோரத்துப் பயிர், பெரியோர் துணையில்லாத மாலைப்பொழுது ஆகியவை இத்தகைய தாக்குதல்களுக்கு இடம் கொடுப்பவை. 1996-ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளை ஆராய்ந்தவர்கள், அங்கே கால்நடைகளுக்கு இருந்த காவல் குழந்தைகளுக்கு இல்லை என்பதையும் சுட்டினார்கள். கிடைக் கூடாரத்துக்கும் கதவு கிடையாது. ஆகவே குழந்தைகள் பெரியோருக்கு நடுவிலேயே படுக்கவேண்டும். பத்து வயதுக்குட்பட்டவரை அந்தியிலும் விடியலிலும் குட்டி மேய்க்கவோ, வெளிக்குப் போகவோ, தண்ணீருக்கோ தனியே அனுப்பலாகாது.

ஓநாய் எதிர்ப்பட்டால் ஓடலாகாது. ஓடுவது அதைத் துரத்தத் தூண்டும். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு, முகத்தை அதற்கு நேரே வைத்து, கம்பை ஓங்கி, உரக்கக் கூவி, கல்லெறிந்துகொண்டே பின்னடியாகக் கூடாரத்துக்கு வரவேண்டும். பெரும்பாலும் அது கூச்சலுக்கே விலகிப் போகும்.

விலகாத ஓநாய் ஒன்று உண்டு. அது வெறி பிடித்தது. பட்டப்பகலில் ஊருக்குள் வரும், ஆள், நாய், மாடு என்று எதிர்ப்பட்டதையெல்லாம் கடித்துக்கொண்டே போகும், எதையும் தின்னாது. அதன் கடி பெரும்பாலும் முகத்திலும் கைகளிலும் ஆழமாக விழுவதால் விஷம் மூளைக்கு விரைவில் ஏறும். நோய்க்குறி கண்டபின் பிழைப்பது அநேகமாக இல்லை. குறி காணுமுன் செய்யும் சிகிச்சையோ மிகப் பலனுள்ளது. கடித்தவுடன் காயத்தைச் சவுக்காரம் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவவேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, எண்ணெய், பச்சிலை எதுவும் வைக்கலாகாது. அன்றே ஆஸ்பத்திரிக்குச் சென்று, காயத்தில் போடும் எதிர்ப்பு மருந்தும் தடுப்பூசியும் ஆகிய இரண்டையும் கேட்டுப் பெறவேண்டும். ஊசி ஒரு நாளோடு முடிவதன்று. குறித்த நாட்களில் ஏறக்குறைய ஒரு மாதம் வரை தொடரும். கிடை இதற்குள் இரண்டு மூன்று ஊர் கடந்துவிடும் என்பதே இடையருக்குள்ள சங்கடம். ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தால், போகும் வழியிலுள்ள எந்த அரசாங்க ஆஸ்பத்திரியிலும் மீதி ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். கடிபட்ட ஆடுமாடுகளையும் நாயையும் தனியே கட்டி, மிருக வைத்தியருக்குச் சொல்லவேண்டும்.

ஓநாயைக் கொன்றுவிட்டால் தொல்லை தீருமே என்பார் உளர். ஆங்கிலேயர் ஆட்சியில் ஓநாய்த் தலைக்குப் பரிசுப்பணம் கொடுத்துப் பார்த்தார்கள். ஓநாய் குறைந்தது, கிடைக் காவல் வேண்டாமற் போகவில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஓநாய் சேர்ந்திருப்பதால், அதைக் கொல்வோருக்கு மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை உண்டு. குட்டிகளைக் குகையில் புகையிட்டுக் கொல்வதும் அக்குற்றமே. செத்த ஆட்டில் விஷம் வைப்பது எல்லாவற்றிலும் கெட்டது. அதை முதலில் தின்பது பெரும்பாலும் ஒருவனுடைய சொந்த நாய். பிறகு கழுகும் நரியும். நாயை இழந்த கிடைக்கு அடுத்த இரவு ஓநாய் தப்பாமல் வரும்.

ஓநாய் கொன்ற ஆட்டுக்குச் சர்க்கார் நஷ்டஈடு கொடுக்கிறது. அதற்கு வனத்துறைச் சிப்பந்தி வந்து பார்க்கும்வரை செத்த ஆட்டை அகற்றாதிருக்கவேண்டும் என்பது பொதுவான ஏற்பாடு. நாள்தோறும் நகரும் கிடைக்கு இது பொருந்தாத விதி என்றே தோன்றுகிறது. ஆயினும், கைப்பேசியால் கடிவாயையும் சுற்றியுள்ள காலடியையும் வலை அறுந்த இடத்தையும் உடனே படம் பிடித்து, வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டால் வழி பிறக்கக்கூடும். நிலத்துக்காரர் இங்கே செய்யக்கூடிய உதவி ஒன்றுண்டு. இடையன் மொழி தெரியாத அயலூரான். எந்தக் காரியாலயம் எங்கிருக்கிறது என்று அறியாதவன். நிலத்துக்காரரோ உள்ளூர்க்காரர். சிப்பந்தி வரும்வரை கிடையைத் தம் வயலில் இன்னும் ஓரிரவு நிறுத்தி, அந்த இரவுக்கும் கூலி கொடுத்து, மனுவில் சாட்சியாகக் கையெழுத்திட்டால் பெரும்பாலான சிக்கல்கள் அங்கேயே தீர்ந்துவிடும்; அதிகப்படியான அந்த ஓரிரவின் உரமும் அவருடைய வயலுக்கே.