செங்கல் மண்ணில் கீரை

கோலாலம்பூர் 1881ஆம் ஆண்டுத் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்தபின், நகரைச் செங்கல்லால் எழுப்பச் சூளைகள் வைத்த இடமே நம் பிரிக்பீல்ட்ஸ். அந்தக் களிமண்ணில்தான் என் கொல்லை. மழையில் குழையும், வெயிலில் ஓடாக இறுகும். ஆற்று மணல் கொட்டினேன்; காரைபோல் இன்னும் கெட்டியாயிற்று, வெண்டை வேரழுகிச் செத்தது. சிமெண்டு பூசிவிடலாம் என்றான் மகன்.

மனம் கேட்கவில்லை. முழ உயரம் பாத்தி கட்டி, காய்ந்த இலை, காய்கறித் தோல், மக்கிய மாட்டெரு சேர்த்து வந்தேன். மட்கு, களித்துகள்களைச் சிறு உருண்டைகளாக்கும். இடையில் நீர் வடியும், காற்று புகும். ஈரமண்ணை மட்டும் மிதிக்கலாகாது.

கிள்ளான் கடலோர அன்பர்கள் ஆழமாகத் தோண்ட வேண்டாம். அங்கே அடிமண் காற்றுப்பட்டால் கந்தக அமிலம் சுரக்கும் இடங்கள் உண்டு, சுண்ணாம்பு தேவைப்படும்.

இரண்டாம் ஆண்டு முளைக்கீரை வந்தது. சிமெண்டுப் பேச்சு நின்றது.