பாட்டுக்குப் பின்னால் 'ம்ம்ம்ம்' சத்தமா? எர்த் பின்னை மட்டும் கழற்றிடாதீங்க!

நெம்மேலி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைதான். 2013-ல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனோடு தொடங்கியது. 2024-ல் 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாவது ஆலையும் வந்துவிட்டது. ஆலை தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கிறது. கடற்காற்றோ அதே உப்பை இலவசமாக நம் சுவிட்ச் போர்டுக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது. ஈசிஆர் ஓரம் வீடு கட்டி ஹால், படுக்கையறை, மொட்டைமாடி என எல்லா இடத்திலும் ஸ்பீக்கர் மாட்டியவர்களுக்கு இந்த உப்பு ஒரு தனித் தலைவலி.

ராத்திரி பாட்டை நிறுத்திய பிறகும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆளைக் கூப்பிட்டால் பெரும்பாலும் ஒரே வைத்தியம்தான் சொல்வார்கள்: "ஆம்ப்ளிஃபயர் பிளக்ல மேல பெருசா ஒரு பின் இருக்குல்ல... அதைக் கழட்டிடுங்க சார், சத்தம் போயிடும்." கழற்றினால் சத்தம் நிஜமாகவே போய்விடும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

அந்த முனகல் எங்கிருந்து வருகிறது?

நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை திசை மாறி மாறிப் பாய்கிறது. அந்த 50 ஹெர்ட்ஸ்தான் ஸ்பீக்கர் வழியாக முனகலாகக் கேட்கிறது. (ஆர்மோனியம் வைத்திருப்பவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 5 கட்டையை விடக் கொஞ்சம் தூக்கலான சுருதி, ஆனால் ஸ்தாயி வெகு கீழே.) சத்தம் 'ம்ம்ம்' என்றில்லாமல் 'ர்ர்ர்' என்று கரகரத்தால், அதில் 100 ஹெர்ட்ஸும் அதற்கு மேற்பட்டவையும் கலந்திருக்கின்றன.

பாட்டோடு மின்சாரம் எப்படிக் கலக்கிறது? ஆம்ப்ளிஃபயர் ஹாலில் ஒரு பிளக் பாயின்ட்டில் இருக்கிறது. சப்வூஃபர் படுக்கையறையில் வேறொரு பாயின்ட்டில். இரண்டுக்கும் எர்த் உண்டு. ஆனால் இரண்டு இடத்து எர்த்தும் துல்லியமாக ஒரே அளவில் இருப்பதில்லை, நடுவில் சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருக்கும். இரண்டையும் ஆடியோ கேபிளால் இணைத்ததும், அந்தக் கேபிளின் மேலுறைக் கம்பி வழியாக ஒரு சிறு மின்னோட்டம் சுற்ற ஆரம்பிக்கிறது. இதற்குப் பெயர் 'கிரவுண்ட் லூப்'. பாட்டு சிக்னலே ஒரு வோல்ட்டின் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அதோடு சில மில்லிவோல்ட் சேர்ந்தாலே காதுக்குத் தெரிந்துவிடும்.

உப்புக்காற்று வேலை செய்வது இங்கேதான். எர்த் கம்பி இணையும் நட்டு போல்ட்டில் துரு ஏறினால் மின்தடை கூடும், பாயின்ட்டுக்குப் பாயின்ட் வித்தியாசமும் கூடும். கட்டிய புதிதில் அமைதியாக இருந்த சிஸ்டம் ரெண்டு மூணு வருஷம் கழித்து முனக ஆரம்பித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

குற்றவாளியைப் பிடிப்பது எப்படி?

முதலில் வால்யூமைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். சத்தமும் கூடவே கூடிக் குறைந்தால், கோளாறு ஆம்ப்ளிஃபயருக்குள் வரும் ஏதோ ஒரு இணைப்பில். பூஜ்யத்தில் வைத்தும் அதே அளவு கேட்டால் ஆம்ப்ளிஃபயரோ அதற்கு அப்புறம் உள்ளதோதான் காரணம். அடுத்து, ஆம்ப்ளிஃபயரை ஆஃப் செய்துவிட்டு ஒரு ஆடியோ கேபிளைப் பிடுங்கி, மறுபடி ஆன் செய்து கேளுங்கள். இப்படி ஒவ்வொன்றாக. எதைப் பிடுங்கியதும் வீடு அமைதியாகிறதோ அதுதான் ஆள்.

பல வீடுகளில் அது டிவிக்குப் பின்னால் இருக்கும். மொட்டைமாடி டிஷ்ஷிலிருந்தோ தெருக் கம்பத்திலிருந்தோ வரும் கோஆக்சியல் வயர், தன்னோடு இன்னொரு எர்த்தையும் வீட்டுக்குள் கூட்டி வருகிறது. செட்டாப் பாக்ஸ், டிவி வழியாக அது ஆம்ப்ளிஃபயர் வரை வந்துவிடும். செட்டாப் பாக்ஸில் அந்த வயரைத் திருகிக் கழற்றியதும் சத்தம் நின்றால் விஷயம் முடிந்தது. தெருவிலிருந்து வரும் கேபிள் டிவி என்றால் வயரில் 'ஐசோலேட்டர்' என்ற சின்ன உருப்படியைச் சேர்க்கலாம். டிடிஹெச் வயரில் அது சரிவராது. டிஷ்ஷின் முனையிலுள்ள எல்என்பிக்கு மின்சாரமே அந்த வயர் வழியாகத்தான் போகிறது, சாதாரண ஐசோலேட்டர் அதைத் தடுத்துவிடும், படமே வராது. அதற்குப் பதிலாக டிவியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஆப்டிகல் கேபிள் போடுங்கள். அதில் போவது வெறும் வெளிச்சம். லூப் அங்கேயே அறுந்துவிடும்.

டிவி, ஆம்ப்ளிஃபயர் எல்லாம் ஒரே ஹாலில் இருந்தால் இன்னும் சுலபம். எல்லாவற்றையும் எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினாலே பாதிப் பிரச்னை போய்விடும். தூரத்து அறை சப்வூஃபருக்கு, ஆடியோ கேபிளின் நடுவே ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம். மலிவானதை வாங்கினால் பேஸ் கொஞ்சம் அடிபடும், பார்த்து வாங்குங்கள்.

பின்னைக் கழற்றினால் என்ன ஆகும்?

ஆம்ப்ளிஃபயருக்குள் என்றைக்கோ ஒருநாள் லைன் கம்பி உலோக உடலைத் தொடுகிறது என்று வையுங்கள். எர்த் இருந்தால் மின்சாரம் அந்த வழியே பாயும், எம்சிபியோ ஆர்சிசிபியோ உடனே டிரிப் ஆகும். யாருக்கும் ஷாக் இல்லை. எர்த் இல்லாவிட்டால் 230 வோல்ட் அந்தப் பெட்டியின் மேல் சத்தமில்லாமல் காத்திருக்கும். பல அறை சிஸ்டத்தில் இது இன்னும் மோசம். ஆடியோ கேபிளின் மேலுறை வழியாக அதே மின்சாரம் அடுத்த அறையில் இருக்கும் பெட்டிக்கும் போகும். ஹாலில் நடந்த கோளாறுக்குப் படுக்கையறையில் குழந்தை தொட்டு ஷாக் வாங்கலாம். ஆர்சிசிபி இருந்தாலும் யாராவது தொட்டு, அவர் உடல் வழியே கசிந்த பிறகுதான் அது விழித்துக்கொள்ளும். மூன்று பின்னை இரண்டாக்கும் அடாப்டர் போடுவதும் இதே கதைதான்.

ஆகவே எர்த்தைச் சரிசெய்யச் சொல்லி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். போர்டிலும் எர்த் குழியிலும் துருப்பிடித்த இணைப்புகளைச் சுரண்டி முறுக்கச் சொல்லுங்கள், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்டேஜ் அளக்கச் சொல்லுங்கள். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வயரிங்கில் வேறு கோளாறு இருக்கிறது. கடலோர மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது, மேல்மண் சீக்கிரம் காய்ந்துவிடும். கரியும் உப்பும் போட்ட பழைய பாணி எர்த் குழி என்றால் சித்திரை வெயிலில் அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். பல வீடுகளில் அந்தக் குழி எங்கே இருக்கிறது என்பதே மறந்துபோய், மேலே டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள்.

வேறு சத்தங்கள்

ஃபேன் வேகத்தைக் குறைக்கும்போது மட்டும் கரகரப்பு வந்தால் காரணம் பழைய டிம்மர் வகை ரெகுலேட்டர். படிப்படியாகத் திரும்பும் கெப்பாசிட்டர் ரெகுலேட்டர் மாற்றினால் போதும். கரன்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் இரைந்தால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும், சைன் வேவுக்கு மாறுவதுதான் வழி. பாட்டு இல்லாதபோது 'ஸ்ஸ்ஸ்' என்று காதை ஸ்பீக்கரில் வைத்தால் மட்டும் கேட்பது ஆம்ப்ளிஃபயரின் இயல்பு, விட்டுவிடுங்கள்.

புதிதாக வீடு கட்டுகிறீர்களா? ஆடியோ வயரையும் கரன்ட் வயரையும் ஒரே பைப்பில் இழுக்க விடாதீர்கள். வைஃபை ஸ்பீக்கர்களாகவே வாங்கினால் அறைக்கு அறை கேபிளே கிடையாது, அவற்றுக்கிடையே லூப்பும் வராது. ஆனால் அதில் ஒன்றை டிவியோடு சாதாரண ஆடியோ கேபிளில் இணைத்தீர்களென்றால், டிஷ் வயரிலிருந்து மறுபடி தேட ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.