பழுது பார்க்கும் கைகள்

சூரிய ஒளி விளக்கு ஒரு கிராமத்துக்கு வந்து சேர்வது எளிது. அது தொடர்ந்து எரிவதுதான் கடினம். சில ஆண்டுகளில் மின்கலம் வலுவிழக்கும், இணைப்பு தளரும். சரிசெய்ய ஊரில் ஆள் இல்லாவிட்டால் கூரைமேல் உள்ள தகடு வெறும் காட்சிப்பொருள்தான். பசுமை வேலைவாய்ப்பு என்றதும் இந்தப் பழுது பார்க்கும் கைகள்தாம் எனக்கு நினைவுக்கு வருகின்றன.

ராஜஸ்தானின் அஜ்மீர் மாவட்டத்தில் உள்ள திலோனியா கிராமத்தில், 1972இல் பங்கர் ராய் தொடங்கிய 'வெறுங்கால் கல்லூரி' இதற்கு ஒரு வழி கண்டது. சூரிய ஒளி விளக்குகளை அமைக்கவும் பழுது பார்க்கவும் கிராமப் பெண்களுக்கு அங்கே ஆறு மாதப் பயிற்சி அளித்தார்கள். அவர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். பேரன் பேத்தி எடுத்தவர்களும் உண்டு. இந்திய அரசின் உதவியுடன் ஆப்பிரிக்கப் பெண்களும் வந்து கற்றார்கள். இளைஞர்கள் சான்றிதழ் கிடைத்ததும் நகரத்துக்குப் போய்விடுகிறார்கள், இப்பெண்களோ ஊரிலேயே இருப்பார்கள் என்பது ராய் சொன்ன காரணம். அங்கே சான்றிதழே வழங்குவதில்லை.

நாம் கவனிக்க வேண்டியது கற்பித்த முறையை. பயிற்றுநருக்கும் கற்பவருக்கும் பொதுமொழி கிடையாது. சைகை, நிறக் குறியீடு, செய்துகாட்டல், திரும்பத் திரும்பச் செய்தல் ஆகியவற்றைக் கொண்டே பாடம் நடந்தது. எழுத்து வரவில்லை என்பதற்காக ஒரு பிள்ளைக்குத் திறமையே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? படிப்பு தேவையில்லை என்பது இதன் பொருளன்று. உதிரிபாகம் வாங்கவும், வரவு செலவு எழுதவும், கடன் பத்திரத்தைப் படித்துக் கையெழுத்திடவும் எழுத்தறிவு கட்டாயம் வேண்டும்.

மின்னியல் பாடத்தில் நான் ஒரு செயல்பாடு செய்கிறேன். சிறிய சூரியத் தகடு, எல்.இ.டி. விளக்கு, கம்பிகள் போதும். ஓர் இணைப்பை வேண்டுமென்றே தளர்த்தி வைத்துவிட்டு, "ஏன் எரியவில்லை?" என்று மட்டும் கேட்பேன். தகட்டைத் திருப்பிப் பார்ப்பது, முனைகளை மாற்றிப் பொருத்துவது, கம்பியைத் தொட்டுச் சோதிப்பது என்று மாணவர்கள் தாமே காரணத்தைத் தேடுவார்கள். தேர்வில் பின்தங்கும் மாணவர் இதில் முந்துவது உண்டு.

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தும் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் குழந்தைகள், அதன்பின் நம் பதிவேட்டில் இல்லை. கிராமப்புற ஏழை இளைஞர்களுக்குக் கட்டணமின்றித் தொழிற்பயிற்சி அளிக்க, தீனதயாள் உபாத்யாய ஊரகத் திறன் திட்டம் 2014இல் தொடங்கப்பட்டது. இத்தகைய பயிற்சிகளைப் பற்றி மாவட்ட மகளிர் திட்ட அலுவலகத்தில் கேட்கலாம். மாற்றுச் சான்றிதழ் வாங்க வரும் பெற்றோரிடம் இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அதைச் சொல்ல நம்மைவிடப் பொருத்தமானவர் அந்த ஊரில் வேறு யார்?