உருகிப் பலகையும் கடல் எல்லையும்

டுபாய்க் கழிமுகத்தின் தேராக் கரையோரம் அணிவகுத்து நிற்கும் மரக்கலங்களைப் பார்ப்பவர் எவரும் அவற்றைக் கட்டிய தச்சரின் கைத்திறனை மெச்சாமல் இருக்க முடியாது. அரபியரும் நம்மவரும் ஒருங்கே ‘லாஞ்சு’ என்றழைக்கும் இக்கலங்களின் உடற்பகுதி பல பத்தாண்டுகள் உழைக்கும். ஆனால் அவற்றின் மின்னமைப்பு அப்படியன்று. முதலில் இயந்திரம், பின்னர் விளக்கு, அதன்பின் வானொலி, பின்னொரு நாளில் திசைகாட்டும் ஜீ.பி.எஸ். கருவி என ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தவை. வந்த ஒவ்வொன்றும் ஒரே உருகிப் பலகையில் தொற்றிக்கொண்டது. நாம் பியூஸ் என்று சொல்லும் அந்தச் சிறு கண்ணாடிக் குழாய்களில்தான் இரவுக் கடலில் ஒரு படகின் கண்ணும் காதும் தங்கியிருக்கின்றன.

வளைகுடாவின் மீன்பிடிப் படகுகளில் உழைப்போரில் கன்னியாகுமரி, திருநெல்வேலி, இராமநாதபுரம் மாவட்டங்களைச் சேர்ந்த தமிழர் கணிசமானோர். 2020 யூலை 1 அன்று இந்தியக் கடற்படையின் ‘ஜலஷ்வா’ கப்பல் ஈரானின் பந்தர் அப்பாஸிலிருந்து தூத்துக்குடிக்கு வந்தபோது, பெருந்தொற்றால் மாதக்கணக்கில் தவித்த தமிழக மீனவர் நூற்றுக்கணக்கில் அதிலிருந்து இறங்கினர். இவர்களுக்குக் கடலினும் அஞ்சத்தக்கது கடல் எல்லை. ஈரான், பஹ்ரெய்ன், கட்டார், சவூதி அரேபியா என ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடக்கும் நீர்ப்பரப்பில், இரவில் ஜீ.பி.எஸ். கருவி அணைந்து நீரோட்டம் இழுத்துச் செல்லுமாயின், விடியும்போது படகு இன்னொரு நாட்டின் காவற்படையினர் முன் நிற்கும். எல்லை தாண்டியவர் சிறையிருக்க, ஊரில் மனைவி தூதரகத்துக்கு மனு எழுதுவது வழமையாகிவிட்ட கதை.

வேறோர் ஆபத்தும் உண்டு. 2012 யூலை 16 அன்று ஜெபல் அலிக்கு அப்பால் அமெரிக்கக் கடற்படையின் எண்ணெய்க் கப்பலொன்றிலிருந்து மீன்பிடிப் படகொன்று சுடப்பட்டதில் இராமநாதபுரம் மாவட்ட மீனவர் ஒருவர் மாண்டார், மூவர் காயமுற்றனர். அது பட்டப்பகல். பகலிலேயே இப்படியென்றால், இரவில் விளக்கின்றி மிதக்கும் படகைப் போர்க்கப்பல் எவ்வாறு நோக்கும் என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம்.

உருகிப் பலகைகள் ஏன் இக்கடலில் இத்தனை விரைவாகக் கெடுகின்றன? பெருங்கடல் நீரில் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பெனில், வளைகுடாவில் 40 பங்கும் அதற்கு மேலும். காற்றில் வந்து படியும் உப்பு, கோடைப் புழுக்கத்தின் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உருகியைப் பற்றியிருக்கும் பித்தளைக் கவ்வியில் பச்சைக் களிம்பு ஏறும். களிம்பு மின்னோட்டத்துக்குத் தடை. அடித்தளத்து நீரை இறைக்கும் 60 வற் பம்பி 12 வோல்ற்றில் 5 அம்பியர் எடுக்கும். கவ்வியில் 0.2 ஓம் தடை ஏற்பட்டால் போதும். 1 வோல்ற் அங்கேயே வீணாகி, 5 வற் வெப்பம் ஒரு குண்டூசித் தலையளவு இடத்தில் பிறக்கும். பலகை கருகும், பம்பி சோம்பும். ஆயினும் உருகி அறாது. ஏனெனில் மின்னோட்டம் கூடவில்லை. “பியூஸ் நல்லாத்தானே இருக்கு” என்று எல்லோரும் வேறெங்கோ பிழை தேடுவர்.

அறுந்த உருகியை வீசிவிடாமல் உற்று நோக்குதல் வேண்டும். கண்ணாடியின் உட்புறம் கறுத்தோ வெள்ளிப்பூச்சுப் போலவோ இருந்தால் நிகழ்ந்தது குறுஞ்சுற்று. இழை நடுவில் மட்டும் உருகியிருந்தால் சுமை மிகுதி. முனையருகே விட்டிருந்தால் பெரும்பாலும் இயந்திர அதிர்வு அல்லது தளர்ந்த கவ்வியின் சூடு.

அடுத்தது அளவி. ஓய்ந்திருக்கும் 12 வோல்ற் பற்றரி முழுமையாக மின்னேறியிருந்தால் 12.6 அல்லது 12.7 காட்டும், 12.0 ஆயின் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது. பின்னர் விளக்கையோ பம்பியையோ இயக்கி வைத்துக்கொண்டே உருகியின் இரு முனைகளிலும் அளக்க வேண்டும். இயக்காமல் அளப்பது வீண். மின்னோட்டம் இல்லாத இடத்தில் களிம்பேறிய இணைப்பும் முழு அழுத்தத்தையே காட்டி ஏமாற்றும். ஒருபுறம் 12.5, மறுபுறம் 11.3 எனில் குற்றவாளி கவ்விதான். தேய்த்து, நன்னீரால் துடைத்து உலர்த்தி, இறுக்கி, மேலே மெல்லிய வாஸ்லீன் பூசினால் பல மாதம் தாங்கும்.

நேர்முனையை மட்டும் தேடி அலுப்பவரே அதிகம். ஒரு விளக்கை ஏற்றினால் இன்னொன்று மங்கி எரிகிறதா? பழுது பெரும்பாலும் மறைமுனைப் பொது இணைப்பில்.

புதிய உருகி இட்டவுடனேயே அறுகிறதென்றால் உருகிகளைத் தீர்க்க வேண்டாம். உருகியின் இடத்தில் வாகனச் சமிக்ஞை விளக்கின் 21 வற் குமிழொன்றை இணையுங்கள். குறுஞ்சுற்று இருக்கும்வரை அது முழு ஒளியுடன் எரியும். ஆனால் மின்னோட்டம் 2 அம்பியரைத் தாண்டாது. அச்சுற்றிலுள்ள கருவிகளையும் கம்பிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் குமிழ் அணைகிறதோ அதிலேயே பழுது. சில திர்ஹாம் பெறுமதியான இம்முறையை விலையுயர்ந்த கருவிகளைவிட நான் உயர்வாகவே மதிக்கிறேன்.

சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றி உருகியாக்கும் வழக்கத்தைப் பற்றி ஒரு சொல். உருகியின் அளவு கருவிக்காக அன்று, கம்பிக்காக விதிக்கப்பட்டது. ஈயத்தாள் தாங்கிக்கொள்ளும்; பலகைக்குப் பின்னாலுள்ள கம்பி தாங்காது. மரக்கலத்தில், டீசல் தாங்கிக்கு அருகில், அதன் விளைவை விளக்க வேண்டியதில்லை. பற்றரி விடும் வாயுவும் ஒரு பொறியில் வெடிக்கக்கூடியது. ஆகவே கழற்றும்போது மறைமுனையை முதலில் நீக்குவதே முறை. துறைமுகத்து 230 வோல்ற் கரை மின்சாரத்தை மட்டும் அறிந்தவரன்றி வேறெவரும் தொடலாகாது.

படகு தொழிலாளியுடையதன்று. வதிவிட அனுமதியே கபீலின் கையில் இருக்க, கம்பி மாற்றக் கேட்பதற்கும் துணிவு வேண்டும். மீன்பாட்டில் பங்காக ஊதியம் பெறுவோர் திருத்தச் செலவு தங்கள் தலையில் விழுமோ என்றும் அஞ்சுவர். அதுவரை கையில் இருப்பதைக் கொண்டு சமாளிக்க வேண்டியதே. சரியான அளவுள்ள உருகிகள் ஒரு சிறு டப்பாவில், உருகிப் பலகையோடு தொடர்பில்லாத, தனிப் பற்றரியில் இயங்கும் கைவானொலி, 16ஆம் அலைவரிசையில், ஒரு கைவிளக்கு, அரைமணிக்கொருமுறை ஜீ.பி.எஸ். காட்டும் இடத்தை எழுதிவைக்க ஒரு கொப்பி. கருவி அணைந்தாலும், கடைசியாக நின்ற இடமும் நேரமும் அதில் இருக்கும்.