பெங்களூர் கத்தரிக்காய்க்குப் பெங்களூர் சொந்த ஊர் அல்ல

கூட்டுக்கும் சாம்பாருக்கும் நாம் வாங்கும் பெங்களூர் கத்தரிக்காயின் பெயரில் இருப்பது இரண்டே சொற்கள். இரண்டுமே தவறு. அதற்குப் பூர்விகம் பெங்களூர் அல்ல. மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும்தான். அது கத்தரிக்காய் இனமும் அல்ல. சுரை, பூசணி, பீர்க்கன் குடும்பத்தைச் சேர்ந்த கொடிக்காய். நெடுக்காக அரிந்தால் நடுவில் தட்டையாக ஒரே ஒரு விதை இருக்கும். அந்த விதையைத் தனியே எடுத்து யாரும் விதைப்பதில்லை. காய் முற்றியதும் விதை உள்ளேயே முளைவிட்டு, காயின் நுனிப் பிளவு வழியாகத் தளிர் வெளியே வரும். முளைத்த காயை அப்படியே மண்ணில் ஊன்றிப் பந்தல் போட்டுவிடுவார்கள். நீலகிரிப் பக்கம் இதற்கு மேராக்காய் என்று பெயர். சௌசௌ என்ற இன்னொரு பெயர் சீனத்து ஒலிபோலக் கேட்டாலும், பிரேசிலிலும் மொரீஷியஸிலும் இதே காயை ‘சூசூ’ என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள்.

இப்படிப் பெயரில் ஓர் ஊரும் பிறப்பில் வேறோர் ஊருமாக இருக்கும் உணவுகள் ஏராளம். இவை ஏன், எப்படி உருவாகின்றன?

பெயர் வைப்பவர் வெளியூர்க்காரர்

ஓர் உணவுக்கு ஊர்ப் பெயரைச் சேர்ப்பது பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்கள் அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூரில் அது வெறும் பால்கோவாதான். ஊர் எல்லை தாண்டிய பிறகுதான் ‘ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா’ ஆகிறது. டெல்லியில் வேலை பார்த்ததால் ‘டெல்லி மாமா’ ஆனவரின் சொந்த ஊர் கும்பகோணமாக இருக்கலாம். டெல்லியில் அவரை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. உணவுப் பெயரும் அப்படித்தான். வாங்கியவர் கண்ணுக்கு அது எங்கிருந்து வந்ததாகத் தெரிந்ததோ, அந்த ஊர் ஒட்டிக்கொள்கிறது.

உலகம் முழுக்க ‘டேனிஷ்’ என்று விற்கும் அடுக்கடுக்கான வெண்ணெய் ரொட்டி இதற்கு நல்ல சான்று. டென்மார்க்கில் அதற்கு ‘வியன்னா ரொட்டி’ என்று பெயர். 1850இல் அங்கே ரொட்டித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, முதலாளிகள் வெளிநாட்டுத் தொழிலாளர்களை அழைத்துவந்தார்கள். அவர்களில் ஆஸ்திரியர்கள் கொண்டுவந்த கைப்பக்குவம் டென்மார்க்கிலேயே தங்கிவிட்டது. வியன்னாவில் போய்க் கேட்டாலோ, அது கோபன்ஹேகன் பண்டம் என்பார்கள். இரண்டு ஊரும் ஒன்றையொன்று கைகாட்டுகின்றன.

வணிகர் வந்த வழி

தவறான பெயர்களில் பழையவை வணிகத்தால் வந்தவை. மூலம் தொலைவில் இருக்கும். சரக்கு கைமாறும் துறைமுகம்தான் வாங்குபவருக்குத் தெரியும்.

வான்கோழி அமெரிக்கக் கண்டத்துப் பறவை. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர்கள் அதை மெக்சிகோவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றார்கள். துருக்கி வணிகர்கள் வழியாக வந்த கினிக்கோழியை ஆங்கிலேயர் அதற்கு முன்பே ‘டர்க்கி’ என்று அழைத்துவந்தார்கள். புதிதாக வந்த பறவைக்கும் அதே பெயர் விழுந்தது. துருக்கியரோ அதை ‘ஹிந்தி’ என்கிறார்கள். டச்சு மொழிப் பெயரான ‘கல்கூன்’ கோழிக்கோட்டைக் குறிக்கிறது. அமெரிக்காவை இந்தியா என்று நினைத்த காலத்தின் குழப்பம் இது. உண்மையில் இந்தியாவுக்கே அது புதுப் பறவை. 1612இல் முகரப் கான் கோவாவிலிருந்து கொண்டுவந்து காட்டிய வான்கோழியைப் பார்த்து வியந்த ஜஹாங்கீர், தன் ஓவியர் மன்சூரை அழைத்து வரையச் சொன்னார். அந்த ஓவியம் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நம் புளியின் கதையும் இப்படித்தான். அரபு வணிகர்கள் அதை இந்தியாவில் வாங்கியதால் ‘இந்தியப் பேரீச்சை’ என்ற பொருளில் ‘தமர் ஹிந்தி’ என்றார்கள். ஆங்கிலத்தில் அது டாமரிண்ட் ஆனது. 1753இல் லின்னேயஸ் வைத்த அறிவியல் பெயரிலும் ‘இண்டிகா’ சேர்ந்துகொண்டது. ஆனால், புளியமரத்தின் பூர்விகம் வெப்பமண்டல ஆப்பிரிக்கா. அறிவியல் பெயராயிற்றே என்று இதையெல்லாம் நம்ப முடியாது. பீச் பழத்தின் அறிவியல் பெயரில் பாரசீகம் இருக்கிறது. அது சீனத்துப் பழம். சீனாவின் பெயரைச் சுமக்கும் ஒரு மிளகாய் இனம் தென்னமெரிக்காவைச் சேர்ந்தது.

கொடுக்காப்புளிக்கு ஆங்கிலத்தில் இரண்டு பெயர்கள்: ‘மணிலா புளி’, ‘மெட்ராஸ் முள்’. மரம் மெக்சிகோவைச் சேர்ந்தது. மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே 1565 முதல் 1815 வரை ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. அந்த வழியில் ஆசியாவுக்கு வந்த மரம் இங்கே வேலிகளில் படர்ந்து, பள்ளிக்கூட வாசலில் கூறு கட்டி விற்கும் பண்டமானது. இரண்டு பெயருமே அதன் பயணத்தில் வந்த நிறுத்தங்கள்.

தென்மாவட்டங்களிலும் இலங்கையிலும் புழங்கும் ‘சீனி’யையும் இங்கே சேர்க்க வேண்டும். சீனத்திலிருந்து வந்த வெண்சர்க்கரையால் இந்தப் பெயர் வந்தது என்பது பொதுவான விளக்கம். ஆனால், கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையாக்கும் கலையை 647இல் மகதத்துக்கு ஆள் அனுப்பிக் கற்றுக்கொண்டது சீனப் பேரரசுதான். போன கலை பிறகு சரக்காகத் திரும்பிவந்தபோது சீனப் பெயரோடு வந்தது.

சமையலறையில் பிறந்த ஊர்ப் பெயர்

இரண்டாவது வகை, விற்பதற்காகவே வைத்த பெயர். மாலையில் தள்ளுவண்டியைச் சுற்றிக் கூட்டம் சேர்க்கும் கோபி மஞ்சூரியனின் மூத்த உடன்பிறப்பு சிக்கன் மஞ்சூரியன். கொல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளிச் சமையற்கலைஞர் நெல்சன் வாங், 1975இல் மும்பை கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் அதை உருவாக்கினார். பட்டியலில் இல்லாத ஏதாவது வேண்டும் என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டிருக்கிறார். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் என்று நம் ஊர்த் தாளிப்போடு தொடங்கியவர், அடுத்து கரம் மசாலாவுக்குப் பதில் சோயா சாஸை ஊற்றி, கார்ன்ஃப்ளார் கரைத்துவிட்டுக் கெட்டியாக்கினார்.

மஞ்சூரியா, சீனாவின் வடகிழக்கு மூலை. கொல்கத்தாவில் குடியேறிய சீனர்களில் பெரும்பாலோர் தென்கோடி குவாங்டாங்கைச் சேர்ந்த ஹக்கா, கான்டனீஸ் மக்கள். அதாவது, இந்தப் பதார்த்தத்துக்கு மஞ்சூரியாவோடு கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. தூரத்து ஊர்ப் பெயர் கவர்ச்சியாக இருந்தது, அவ்வளவுதான்.

ஹவாய் பீட்சாவும் இந்த ரகம். 1962இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சாட்டம் என்ற ஊரில் உணவகம் நடத்திய சாம் பனோபுலோஸ், டப்பாவில் அடைத்த அன்னாசித் துண்டுகளை பீட்சாவில் தூவிப் பார்த்தார். டப்பாவின் பிராண்டு ‘ஹவாயன்’. பீட்சாவும் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. இத்தாலியப் பண்டம், தென்னமெரிக்கப் பழம், கனடாவில் குடியேறிய கிரேக்கரின் கை. ஹவாய் இருந்தது தகரத்தின் மேல் மட்டும். மஞ்சள் நிற ‘சிங்கப்பூர் நூடுல்ஸ்’ ஹாங்காங்கின் கறித்தூள் சமையல். சிங்கப்பூரின் மரபு உணவுகளில் அதற்கு இடமில்லை. நம் தலைநகரும் தப்பவில்லை. பிரிட்டனின் இந்திய உணவகங்களில் ‘மெட்ராஸ்’ என்று கேட்டால் காரமான, சிவந்த ஒரு குழம்பு வரும். சென்னையில் எந்த மெஸ்ஸிலும் அந்தப் பெயரில் குழம்பு கிடையாது.

சில பெயர்களில் ஊரே இல்லை, ஆள்தான் ஊராகிவிட்டார். 1852இல் அமெரிக்காவின் பேக்கர் சாக்லேட் நிறுவனத்துக்காக இனிப்புச் சாக்லேட் ஒன்றை உருவாக்கியவர் சாமுவேல் ஜெர்மன். 1957இல் டல்லாஸ் நாளிதழில் ஓர் இல்லத்தரசியின் செய்முறையாக, அந்தச் சாக்லேட்டில் செய்த கேக் வெளியாகி நாடு முழுவதும் பரவியது. ‘ஜெர்மனின் சாக்லேட் கேக்’ நாளடைவில் ‘ஜெர்மன் சாக்லேட் கேக்’ ஆனது. ஜெர்மனிக்கு அதில் பங்கே இல்லை.

கதைகளையும் சோதிக்க வேண்டும்

பெயர் குழப்பமாக இருந்தால் அதை விளக்க ஒரு கதை முளைத்துவிடும். பொம்பில் மீனுக்கு ‘பாம்பே டக்’ என்ற பெயர் வந்தது, கருவாட்டு நாற்றம் வீசிய ‘பாம்பே டாக்’ என்ற தபால் ரயிலால்தான் என்பார்கள். இந்தியாவில் முதல் பயணிகள் ரயில் ஓடியது 1853இல். மீனின் பெயர் அதற்கு முன்பே அச்சில் வந்துவிட்டது. குரோசானின் பிறை வடிவம், 1683இல் வியன்னாவை முற்றுகையிட்ட துருக்கியரைக் கேலி செய்யப் பிறந்தது என்பதும் இப்படித்தான். அக்காலத்துச் சான்று எதுவும் இல்லை. பிறை வடிவ ரொட்டி வியன்னாவில் அதைவிடப் பழையது. ஆகஸ்ட் சாங் என்ற ஆஸ்திரியர் 1830களின் இறுதியில் பாரிஸில் திறந்த கடை வழியாகத்தான் அது பிரெஞ்சுப் பண்டமானது.

பெயர் எப்போது பணமாகிறது?

மஞ்சூரியனை மஞ்சூரியா உணவு என்று நம்பிச் சாப்பிட்டால் யாருக்கும் நட்டமில்லை. ஊர்ப் பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்கும் இடத்தில்தான் சிக்கல். அதற்காகத்தான் 1999இல் புவிசார் குறியீட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இதற்கான பதிவகம் சென்னையில் இருக்கிறது. முதல் குறியீடு டார்ஜிலிங் தேயிலைக்கு. பழனி பஞ்சாமிர்தமும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் 2019இல் பெற்றன.

இந்தக் குறியீடு, ‘இதை முதலில் கண்டுபிடித்தவர் யார்’ என்ற வழக்குக்குத் தீர்ப்பு அல்ல. ரசகுல்லாவுக்கு மேற்கு வங்கம் 2017இலும் ஒடிசா 2019இலும் தனித்தனியே குறியீடு வாங்கின; இரண்டும் வெவ்வேறு பக்குவம் என்பதால் இரண்டும் செல்லும். குறிப்பிட்ட ஊரின் மூலப்பொருளும் கைப்பக்குவமும் தரும் தரத்தை அந்தப் பெயரோடு கட்டிவைப்பதே சட்டத்தின் வேலை. எங்கும் யாரும் செய்வதால் பொதுப்பெயராகிவிட்டவற்றுக்குப் பதிவு கிடையாது.

எனவே, ஊர்ப் பெயர் போட்ட பொட்டலத்தை அதற்குரிய விலை கொடுத்து வாங்கும்போது, முன்பக்கத்துப் பெரிய எழுத்தோடு நிற்காமல் பின்பக்கத்தில் தயாரிப்பாளர் முகவரியையும் மூலப்பொருள் பட்டியலையும் பாருங்கள். பெயரில் எந்த ஊரும் இருக்கலாம். தயாரிப்பு விவரத்தைப் பின்பக்கத்தில்தான் தேட வேண்டும்.