பேக் பட்டனும் இரண்டு நோட்டுக் கணக்கும்

மலர் என்றால் கவிதை இருக்கும், நட்பைப் பற்றி நாலு பக்கம் இருக்கும். நடுவில் ஆப் பற்றி ஒருவன் எழுதினால் எத்தனை பேர் படிப்பீர்களோ தெரியாது. ஆனாலும் முதலாம் ஆண்டில் எனக்கு நடந்த ஒன்றுக்குக் காரணம் மூன்றாம் ஆண்டில், புராஜெக்ட் செய்யும்போதுதான் புரிந்தது. அதனால் எழுதுகிறேன்.

அப்போது ஒரு உதவித்தொகைக்குப் போனில் விண்ணப்பம் போட உட்கார்ந்தேன். எங்கள் குடும்பத்தில் பத்தாவதுக்கு மேல் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். கேட்டுத் தெரிந்துகொள்ள அண்ணன், அக்கா யாரும் கிடையாது. வீட்டுக்கே ஒரு போன், அதுவும் பழசு. பெயர், வருமானச் சான்று எண், பேங்க் கணக்கு எண் எல்லாம் அடித்து முடித்தால் ஓடிபி கேட்டது. மெசேஜில் போய் ஓடிபியைப் பார்த்துவிட்டுத் திரும்பினால்... முதல் பக்கம்! எல்லாம் காலி! இப்படி நாலு தடவை. பக்கத்தில் இருந்த அம்மா, "ஏய்யா, நீ எதையும் தப்பா அமுக்கிட்டியா?" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்றைக்குத்தான் கடைசித் தேதி. ராத்திரி பன்னிரண்டு மணியோடு அது முடிந்துபோனது.

நான் எதையும் தப்பாக அமுக்கவில்லை. நடந்தது என்னவென்று பார்ப்போம்.

ஓர் ஆப்புக்குள் இரண்டு விஷயங்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. நாம் இப்போது எந்தப் பக்கத்தில் இருக்கிறோம், பேக் அமுக்கினால் எங்கே போவோம் என்பது ஒன்று. இதற்குப் பெயர் நேவிகேஷன். தீப்பெட்டியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கடைசியில் வைத்ததைத்தானே முதலில் எடுப்போம்? பக்கங்களும் அப்படியே அடுக்கில் இருக்கும். டேட்டா ஸ்ட்ரக்சர் பாடத்தில் வரும் அதே ஸ்டாக்தான். மற்றொன்று, ஆப் மனசில் வைத்திருக்கும் விவரங்கள். யார் லாகின் செய்திருக்கிறார், என்ன டைப் செய்தார், பணம் கட்டியாச்சா என்பதெல்லாம். இதற்குப் பெயர் ஸ்டேட்.

நாம் வேறு ஆப்புக்குப் போனதும் போனில் மெமரி பற்றாவிட்டால், பின்னால் நிற்கும் ஆப்பை ஆண்ட்ராய்டு சத்தமில்லாமல் மூடிவிடும். வெறும் ரேமில் இருந்த ஸ்டேட்டும் அதோடு போச்சு. ஆப்பை எழுதியவர் முன்கூட்டியே எங்காவது எழுதி வைத்திருந்தால்தான் திரும்பக் கிடைக்கும். கூகுள் 2017-இல் கொண்டுவந்த வியூமாடல், போனைத் திருப்பிப் பிடித்தால் தாங்கும். ஆப்பையே மூடிவிட்டால் தாங்காது. அதற்கு சேவ்டு இன்ஸ்டன்ஸ் ஸ்டேட் என்ற சின்னப் பொட்டலம் இருக்கிறது. பெரிய விவரம் என்றால் டேட்டாபேசில்தான் எழுத வேண்டும். விலை கூடிய போனில் மெமரி அதிகம், இந்தத் தொல்லை அதிகம் தெரியாது. எழுதுகிறவர் அந்த மாதிரிப் போனில் மட்டும் சோதித்துப் பார்த்தால் எங்கள் வீட்டுப் போன் கதை அவருக்கு எப்படித் தெரியும்?

சரி, இந்த இரண்டையும் ஏன் சேர்த்துப் பார்க்க வேண்டும்?

எங்க அம்மா தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடைக்கிற வேலை பார்க்கிறார்கள். எவ்வளவு அடைத்தோம் என்று ஒரு சின்ன நோட்டில் கோடு போட்டு வைப்பார்கள். கணக்கப்பிள்ளை நோட்டு வேறு. சனிக்கிழமை சம்பளத்தன்று இரண்டும் ஒத்துப்போனால் சந்தோஷம். ஒத்துப்போகாவிட்டால் எந்த நோட்டு ஜெயிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆப்பிலும் இதே கதைதான். எங்கள் குழுவின் புராஜெக்ட், சாத்தூர் சேவு ஆர்டர் செய்யும் ஆப். பிளட்டரில் எழுதினோம். லாகவுட் செய்த பிறகு பேக் அமுக்கினால், முன்னால் லாகின் செய்தவரின் விலாசம் அப்படியே தெரிந்தது! 'ஆள் போயாச்சு' என்று ஸ்டேட் நோட்டில் இருக்கிறது. பக்க அடுக்கு நோட்டில் அவருடைய பக்கம் இன்னும் இருக்கிறது. வீட்டுக்கே ஒரு போன் வைத்திருக்கும் எங்கள் தெருவில் இது சின்னத் தப்பு இல்லை.

முதலில் லாகவுட் பட்டனில் இரண்டு வரி சேர்த்து ஒட்டுப் போட்டோம். இன்னொரு இடத்தில் ஓட்டை விழுந்தது. பிறகுதான் வழியையே மாற்றினோம். பக்கத்தை நாமே ஒவ்வொன்றாகத் தள்ளி எடுப்பதற்குப் பதிலாக, ஸ்டேட்டைப் பார்த்துப் பக்க அடுக்கு தானாக அமைய வேண்டும். பிளட்டரில் 2020-இல் வந்த நேவிகேட்டர் 2.0 இதற்காகத்தான். அதை நேரடியாக எழுதினால் தலை சுற்றும் (எனக்குச் சுற்றியது). அதன்மேல் கட்டிய கோ-ரவுட்டர் என்ற பேக்கேஜ் சுலபம். அதில் ரீடைரக்ட் என்று ஒரு பங்ஷன் உண்டு, வாசலில் நிற்கும் வாட்ச்மேன் மாதிரி. லாகின் இருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றால் லாகின் பக்கத்துக்கு அனுப்பிவிடும். ஸ்டேட் மாறும்போதெல்லாம் மறுபடி கேட்கும்படியும் வைக்கலாம்.

அதற்காக எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதக் கூடாது. பக்க அடுக்கு மொத்தத்தையும் ரிடக்ஸ் என்ற ஸ்டேட் பெட்டிக்குள் வைக்க ரியாக்ட் நேவிகேஷனின் ஆரம்பப் பதிப்புகளில் வழி இருந்தது. 2020-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அந்த வழியையே எடுத்துவிட்டார்கள். பக்கம் நகரும் அனிமேஷன், விரலால் பாதி இழுத்துவிட்டு விடுவது இதெல்லாம் நேவிகேட்டர் வேலை. லாகின், கூடை, பணம் இதெல்லாம் ஸ்டேட் வேலை. ஒரே விஷயம் இரண்டிலும் இருந்தால்தான் வம்பு.

பணம் என்றதும் ஞாபகம் வருகிறது. ரிசார்ஜ் செய்யும்போது 'பேக் அமுக்காதீர்கள், ரிஃப்ரெஷ் செய்யாதீர்கள்' என்று வருமே, பார்த்திருப்பீர்கள். 2016-இல் என்பிசிஐ தொடங்கிய யுபிஐ-யில் பணம் கட்டும்போது கடை ஆப் யுபிஐ ஆப்பைத் திறந்துவிட்டுப் பின்னால் காத்திருக்கும். அந்த இடைவெளியில் கடை ஆப் மூடப்பட்டால்? பணம் போயிருக்கும், ஆப் 'கட்டவில்லை' என்று சொல்லும். நாம் பயந்துபோய் இன்னொரு தடவை கட்டுவோம். அதனால் பணம் கட்டுமுன்பே ஆர்டர் நம்பர் ஒன்றை சர்வரில் எழுதிவிட வேண்டும். திரும்பி வந்ததும் போனில் இருப்பதை நம்பாமல், அந்த நம்பருக்குப் பணம் வந்ததா என்று சர்வர் மூலமாகக் கேட்டுத்தான் அடுத்த பக்கத்தைக் காட்ட வேண்டும்.

உங்கள் ஆப் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசையா? போனில் டெவலப்பர் ஆப்ஷனுக்குள் 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்' என்று ஒன்று இருக்கும். அதை ஆன் செய்துவிட்டுப் பாதி படிவத்தில் வேறு ஆப்புக்குப் போய்த் திரும்புங்கள். மறக்காமல் ஆஃப் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் மற்ற ஆப்களும் படுத்தும்.

எங்கள் சேவு ஆப்பை அம்மாவின் போனிலேயே போட்டுப் பார்த்தேன். மெசேஜுக்குப் போய்த் திரும்பினால் விலாசம் அடித்தபடியே இருந்தது. பணம் கட்டும் பகுதி மட்டும் இன்னும் பொம்மையாகத்தான் நிற்கிறது. இரண்டாம் ஆண்டுத் தம்பி, தங்கைகள் யாராவது எடுத்து முடிப்பதாக இருந்தால் லேபில் வந்து கேளுங்கள், புரோகிராம் முழுவதையும் தருகிறேன்.